ரவுண்டு ராடு எத்தனை கிலோ வரும்? தராசு இல்லாமலே கணக்குப் போடலாம்

மன்னார்குடியில் எங்கள் லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பட்டறைக்குக் குறுவை அறுவடை நேரத்தில் டிராக்டர் பின் (முளை), மில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) என்று வேலை வந்து குவியும். ராடு கிலோ கணக்கில்தான் கிடைக்கும் என்பதால், கடைக்குக் கிளம்பும் முன்பே எடை தெரிந்திருந்தால் பணம் எவ்வளவு எடுத்துப் போவது என்று திணற வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

முதலில் விட்டம். துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, இரண்டு முனையிலும் நடுவிலும் வெர்னியர் (விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் ராடைக் கால் சுற்று திருப்பி இன்னொரு தடவை பாருங்கள். நீளத்துக்கு டேப் போதும்.

நம் ராடு 50 மி.மீ. விட்டம், 600 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சென்டிமீட்டராக்கினால் 5, 60. விட்டத்தில் பாதி ஆரம், 2.5. அதை அதாலேயே பெருக்கினால் 6.25, அதை 3.1416-ஆல் பெருக்கினால் 19.635, அப்புறம் நீளம் 60-ஆல் பெருக்கினால் 1178 கன சென்டிமீட்டர். சாதாரண இரும்பு ராடுக்கு அடர்த்தி 7.85, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம்; அதால் பெருக்கினால் 9248 கிராம், அதாவது ஒன்பதே கால் கிலோ. நாச்சியார்கோயில் பக்கம் விளக்குக்குக் கடைகிற பித்தளை என்றால் 8.5 வாக்கில் போடுங்கள், பத்து கிலோ வரும். அலுமினியத்துக்கு 2.7.

ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டுவிட்டால் எடை நான்கு மடங்கு, 37 கிலோ காட்டும். ஒரு ஆள் ஒரு கையில் தூக்கும் ராடு அப்படிக் காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள்.

நீளத்தில் 1 மி.மீ. தவறினால் 15 கிராம்தான் மாறும். விட்டத்தில் அதே 1 மி.மீ. தவறினால் ஏறக்குறைய 370 கிராம், ஏனென்றால் விட்டம் கணக்கில் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. வெர்னியரை மூன்று இடத்தில் வைக்கச் சொன்னது அதற்குத்தான்.

இரும்புக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: மி.மீ. விட்டத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 2500-ஐ வகுத்தால் 15.43, நம் 0.6 மீட்டருக்கு 9.26. சரியாக ஒத்துப்போகிறது பாருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், கடைந்து முடித்த ஷாஃப்ட் 50 வேண்டுமென்றால் நாங்கள் வாங்குவது 55. அதற்கு எடை 11.2 கிலோ, பில்லும் அதற்குத்தான். கிட்டத்தட்ட 2 கிலோ சுருளாக லேத்துக்கு அடியில் விழுந்துவிடும்.