ஈ.கோலைக்குள் அவுரி நீலம்: குடுவையிலிருந்து மருதமுனை நூல் வரை

கிழக்கிலங்கையின் நெசவு ஊரான மருதமுனையின் தறி நூலைப் பற்றீரியா செய்த அவுரி நீலத்தில் (இண்டிகோ) தோய்க்கலாமா? தோய்க்கலாம். ஆனால் சேலைக்குப் போதாது, ஒரு துண்டு நூலுக்குக் காணும். ஆய்வுகூடத்தில் மட்டும் செய்யுங்கள், குசினியில் வேண்டாம்.

டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் என்ற சேர்மமாக்கும் நொதியம் ஈ.கோலை பற்றீரியாவிடம் ஏற்கெனவே உண்டு. அந்த இண்டோலில் ஒட்சிசனை ஏற்றி நீலமாக்க ஒரு ஆள்தான் இல்லை. அதற்கு பசிலஸ் மெகதேரியம் என்ற இன்னொரு பற்றீரியாவின் பி450 பிஎம்3 நொதியத்தை எடுக்கிறோம். இயல்பில் அது கொழுப்பமிலத்தோடு வேலை செய்வது. 74, 87, 188ஆம் இடங்களில் அமினோ அமிலங்களை மாற்றிய வடிவம்தான் இண்டோலைப் பிடிக்கும். அதனால் மூன்று மாற்றமும் உள்ள பிளாஸ்மிட்டையே (மரபணுவை ஈ.கோலைக்குள் ஏற்றும் சிறு டிஎன்ஏ வளையம்) கேட்டு வாங்குங்கள்.

1. பிளாஸ்மிட் ஏற்றிய ஈ.கோலைக் கொலனியை எல்பி என்ற வளர்ப்பு ஊடகத்தில், உரிய நுண்ணுயிர்கொல்லியோடு, 37 பாகையில் வளருங்கள். லீற்றருக்கு 1 கிராம் டிரிப்டோபன் சேருங்கள்.

2. ஒளியடர்த்தி (ஊடகத்தின் கலங்கல் அளவு) 0.6 வந்ததும், மரபணுவை இயக்க ஐபிடிஜியும், நொதியத்துக்கு வேண்டிய ஹீம் கட்ட அமினோலெவுலினிக் அமிலமும் விடுங்கள்.

3. இனி வெப்பநிலையை 25க்கு இறக்க வேண்டும். இங்கேதான் எல்லாம் சறுக்கும். மட்டக்களப்பில் சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே 30ஐத் தாண்டும். சூடாக்க மட்டும் தெரிந்த ஷேக்கர் (குடுவையைக் குலுக்கும் கருவி) அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது, முகப்பில் 25 என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். குடுவைக்குப் பக்கத்தில் தனி வெப்பமானி வையுங்கள், ஷேக்கரை ஏசி அறைக்கு மாற்றுங்கள். சூட்டில் நொதியம் சரியாக மடியாமல் கட்டிபட்டுப்போகும். மூடி விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை, காற்றுப் புகும் பஞ்சு மூடியே எனக்குப் பிடித்தது. குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் ஊற்றாதீர்கள். ஒட்சிசன் இல்லாமல் நீலம் இல்லை.

4. மறுநாள் குடுவையோடு ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 121 பாகையில் வைத்துப் பற்றீரியாவைக் கொல்லுங்கள். பிறகு மையநீக்கியில் சுழற்றி அடியில் படிவதை எடுத்து, நீராலும் எதனோலாலும் கழுவுங்கள். இண்டிகோ நீரில் கரையாது, அடியில் தங்கும்.

5. அந்த இண்டிகோவில் சாயக்காரர் சொல்லும் ஹைட்ரோவும் (சோடியம் டைதயோனைட்) காஸ்டிக் சோடாவும் நீரோடு இட்டுச் சூடாக்கினால் மஞ்சள் பச்சைக் கரைசல் வரும். கையுறை கட்டாயம். நூலைத் தோய்த்துக் காற்றில் பிடியுங்கள், கண் முன்னே நீலமாகும்.

பிற்சேர்க்கை: ஊடகம் வெறும் மஞ்சளாகவே நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். குளுக்கோசு போட்டீர்களா? அது இண்டோல் செய்யும் நொதியத்தை அடக்கிவிடும், எடுத்துவிடுங்கள். எல்பிக்குப் பதிலாகக் காசமினோ அமிலம் (அமிலத்தில் உடைத்த பால் புரதம்) பாவித்தவர்களுக்கு இன்னொன்று: அப்படி உடைக்கும்போதே டிரிப்டோபன் அழிந்துவிடும், தனியாகச் சேர்க்காமல் நீலம் வராது. ஊதா நிறம் வந்தால் கூடவே இண்டிரூபின் என்ற சிவப்புச் சாயமும் உருவாகியிருக்கிறது, எதனோலால் இன்னொரு முறை கழுவுங்கள்.