வாட்ச் செயின் தொங்கிப்போச்சா? அவசரப்பட்டு ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள்

1980களில் வாங்கிய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீலும் தங்கமும் கலந்த ஜூபிலி செயின். வாட்சைப் பக்கவாட்டில் பிடித்தால் செயின் நேராக நிற்காமல் மாலை மாதிரி வளைந்து தொங்குகிறது. கடையில் காட்டினால் ஒருவர் "செயின் இழுத்துப்போச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்பார். இன்னொருவர் "கொடுங்க, டைட் பண்ணித் தர்றேன்" என்பார். இரண்டில் எதற்கும் அங்கேயே தலையாட்டிவிடக் கூடாது.

செயின் இழுபடுவதற்கு அது ரப்பர் இல்லை. தேய்வது கண்ணிகளைக் கோத்திருக்கும் 'பின்' என்ற சிறு கம்பியும், அது நுழைகிற துளையும்தான். வியர்வையும் தூசியும் தோல் அழுக்கும் சேர்ந்து களிம்பாகி, கை அசையும்போதெல்லாம் உப்புத்தாள் போல உள்ளே ராவிக்கொண்டே இருக்கும். 1945இல் டேட்ஜஸ்ட்டுடன் அறிமுகமான ஜூபிலியில் ஒரு வரிசைக்கு ஐந்து துண்டுகள், வரிசைகளும் குட்டையானவை. இணைப்புகள் அதிகம் என்பதால், வரிசைக்கு மூன்று துண்டுள்ள ஆய்ஸ்டர் செயினைவிட இதில் தேய்மானம் பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்துக் கண்ணிகள் பல உள்ளே கூடானவை வேறு. புதிதாக இருந்தபோதே கொஞ்சம் ஆட்டம் இருந்திருக்கும். ஆகவே தொங்குகிறது என்பது மட்டுமே ரிப்பேருக்குக் காரணம் ஆகாது. பின் நடுவில் மெலிந்திருக்கிறதா, ஒரு கண்ணி வாய் பிளந்திருக்கிறதா, பக்கிள் தானாகத் திறக்கிறதா என்று பாருங்கள். வாட்ச் கையிலிருந்து நழுவி விழும் ஆபத்து இருந்தால் அது பழுது. இல்லையென்றால் வெறும் வயசு.

பார்ப்பதற்கு முன்னால் செயினை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கழுவிய பிறகு செயின் முன்பைவிட அதிகமாகத் தொங்கினால் பதற வேண்டாம். இடுக்கில் அடைத்திருந்த அழுக்கு இத்தனை நாள் ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கழுவிக் கொடுத்தவர்தான் கெடுத்துவிட்டார் என்று கடையில் சண்டை நடப்பதும் உண்டு, பாவம்.

பல நேரம் குற்றம் செயினிலேயே இருக்காது. வாட்சின் காதுகளுக்கு, அதாவது மேலும் கீழும் நீட்டியிருக்கும் முனைகளுக்கு, நடுவே செயினைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார் என்ற சிறு கம்பி வளைந்திருக்கும், அல்லது அதன் முனை தேய்ந்திருக்கும். செயின் அறுந்து வாட்ச் விழுந்தது என்று சொல்லப்படும் கதைகளில் நிறைய இதில்தான் போய் முடியும். மொத்த வாட்சிலும் மலிவான பாகங்களில் அது ஒன்று. அதை முதலில் மாற்றிப் பார்க்காமல் செயினுக்குச் செலவு பேசுவது வீண்.

சரி, தேய்மானம் உண்மைதான் என்று உறுதியானால், "டைட் பண்ணுவது" என்றால் என்ன என்று கேளுங்கள். கண்ணிகளைக் குறடால் நசுக்குவதாக இருந்தால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நசுக்கினால் ஆட்டம் கொஞ்ச நாளைக்குக் குறையும். கண்ணியின் வடிவம் கெட்டுவிடும். துளை இன்னும் கோணலாகத் தேயும். ஒழுங்கான வேலை வேறு மாதிரி. செயினைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, தேய்ந்த துளையைச் சீராக்கி, உள்ளே மெல்லிய குழாய் பொருத்தி, புதுப் பின் போட வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் வேலை. செயினுக்கென்றே இருக்கும் சிலர்தான் செய்வார்கள். சாதாரண வாட்ச் மெக்கானிக்கிடம் கேட்பது நியாயமும் இல்லை.

தங்கம் இருப்பதால் தெரிந்த பத்தரிடம் கொடுத்துப் பற்றவைக்கலாம் என்று நம் ஊரில் சட்டென்று தோன்றும். நகைக்கு அவர் கை தேர்ந்தவர்தான். ஆனால் இது 18 கேரட், அதாவது 75 சதவீதம் தங்கம். 22 கேரட் நகையைப் பற்றவைக்கும் பொடியை இதற்கு வைத்தால் இணைப்பு நிறம் மாறித் தெரியும். பக்கத்திலுள்ள ஸ்டீல் நெருப்புப் பட்டுக் கறுக்கும், நீலம் பாயும். இதைவிட மோசம் ஈயப் பற்று. ஈயம் ஒட்டிய தங்கத்தை அப்புறம் யாராவது சூடாக்கினால் ஈயம் தங்கத்துக்குள் இறங்கி அரித்துவிடும். விரிசலுக்கு லேசர் வெல்டிங்தான் சரி. சூடு அந்தப் புள்ளியோடு நின்றுவிடும். அதிலும் விரிசலில் உருக்கி நிரப்பும் கம்பி அதே உலோகமாக இருக்க வேண்டும். ரோலெக்ஸ் இப்போது பயன்படுத்துவது 904எல் என்ற ரக ஸ்டீல். பரவலாகப் புழங்கும் 316எல் கம்பியை அதில் வைத்தால் பாலிஷுக்குப் பிறகு தடம் தெரியக்கூடும்.

பாலிஷ் என்றதும் நினைவு வருகிறது. என் வாட்ச் ஒன்றை ஒரு கடையில் கொடுத்தபோது, "சும்மா ஒரு பாலிஷ், ஃப்ரீ" என்றார்கள். திரும்பி வந்தது கண்ணாடி போல மின்னியது. மேலே கோடு கோடாக இருந்த சாட்டின் பரப்பு காணோம், கூரான ஓரங்கள் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை, கீறலின் ஆழம் வரை உலோகத்தைச் சீவி எடுக்கிறது. சீவியது சீவியதுதான். ரிப்பேர் சீட்டில் "பாலிஷ் வேண்டாம்" என்று எழுத வைக்க அன்றிலிருந்து மறப்பதில்லை.

அப்படியானால் புதுச் செயினே வாங்கிவிடலாமா? இப்போதும் தயாரிப்பில் இருக்கிற ஸ்டீல் செயின் என்றால் அது நியாயமான கணக்கு. பழைய வாட்சில் கணக்கு மாறும். 1970களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 2010 வரை வந்த ரோலெக்ஸ் பக்கிள்களின் உள்ளே, தயாரித்த காலத்தைக் குறிக்கும் எழுத்து பொறித்திருக்கும். வாட்சின் வயதோடு அது ஒத்துப்போனால் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள். 1972இல் வந்த ஆடெமார் பிகே ராயல் ஓக், 1976இல் வந்த படேக் பிலிப் நாட்டிலஸ் போன்றவற்றில் செயினும் கேஸும் (வாட்சின் உடல்) ஒரே வடிவமைப்பு; வேறு செயினைப் பொருத்த வழியே இல்லை என்று சொல்லலாம். அங்கே ரிப்பேர்தான் முதல் யோசனை. டேட்ஜஸ்ட்டில் அந்த நெருக்கடி இல்லை. 36 மில்லிமீட்டர் மாடலுக்கு 20 மில்லிமீட்டர் தோல் பட்டை சாதாரணமாகக் கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு, செயினைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆறு மாதம்கூட யோசிக்கலாம்.

கொடுப்பது என்று முடிவானால், நகை கொடுப்பது போலவே கொடுங்கள். செயினை எடை போட்டு, கண்ணிகளை எண்ணி, பக்கிளின் உட்புறம் உட்பட படம் எடுத்து, எல்லாவற்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்பதை அப்போதே கேளுங்கள். சில சர்வீஸ் மையங்களில் புதியது போட்டால் பழையதை அவர்களே வைத்துக்கொள்வார்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.