பேனரில் தெரியும் எண்ணை வைத்து ரிப்போர்ட் எழுதாதீர்கள்

போன வாரம், சர்வர்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். 31 சர்வர்கள், எல்லாவற்றுக்கும் சிவப்பு நிறம். சர்வர் இணைந்ததும் தன்னைப் பற்றிச் சொல்லும் வரிக்கு பேனர் என்று பெயர். அதைப் பார்த்து என்மேப் என்ற ஸ்கேன் கருவி சொன்ன பதிப்பு எண்களை எடுத்து, ஓட்டைப் பட்டியலில் தேடி, வந்ததையெல்லாம் ஒட்டியிருந்தார். நானும் ஒரு காலத்தில் இதே ரிப்போர்ட்டை எழுதியவன்தான். ஸ்கேனுக்கு முன் அனுமதி வாங்கு, சரியான ஐபி கொடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

பதிப்பு எண் பழையது என்றால் ஓட்டை இருக்கிறது என்று நினைப்பது

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரிடம் சென்ட்ஓஎஸ் 7 (ரெட் ஹாட் லினக்ஸின் இலவச வடிவம்) சர்வர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள், பதிப்பு 2.4.6. அது 2013-இல் வந்த பதிப்பு. அதன் பிறகு வெளியான அப்பாச்சி ஓட்டைகள் அத்தனையையும் அட்டவணை போட்டேன். பக்கம் பக்கமாக வந்தது, பெருமையாகவும் இருந்தது. மீட்டிங்கில் அவர்களுடைய சிஸ்டம் அட்மின் ஒன்றும் பேசாமல் டெர்மினலைத் திறந்தார். மென்பொருள் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆர்பிஎம் கருவியிடம் அந்த அப்பாச்சி பேக்கேஜின் சேஞ்ச்லாகை, அதாவது மாற்றக் குறிப்பேட்டைக் கேட்டார். நான் எழுதியிருந்த சிவிஇ எண்கள் (ஓட்டைகளின் பொது அடையாள எண்கள்) ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன, 'சரிசெய்யப்பட்டது' என்ற குறிப்போடு. பத்து நிமிடத்தில் என் ரிப்போர்ட்டில் மிஞ்சியது அட்டைப் பக்கம்தான். அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை.

நடந்தது இதுதான். ரெட் ஹாட், டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் ஒரு வெளியீட்டில் ஒரு பதிப்பை எடுத்தால் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். புதிய பதிப்புக்குத் தாவினால் வாடிக்கையாளரின் செட்டப் உடையலாம். அதனால் புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய மூலநிரலில் ஒட்டுவார்கள். இதற்கு பேக்போர்ட் என்று பெயர். ஏறுவது பேக்கேஜ் பெயரின் கடைசியில் வரும் வால் எண்தான். மென்பொருளின் பதிப்பு எண் அப்படியே இருக்கும். சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-இல் முடிந்தபோதும் அதன் அப்பாச்சி தன்னை 2.4.6 என்றுதான் சொல்லிக்கொண்டது.

தம்பியின் ரிப்போர்ட்டிலும் இதேதான். ஒரு வரியில் 'ஓபன்எஸ்எஸ்எச் 9.2பி1 டெபியன் 2+டெப்12யு3' என்று இருந்தது. ஓபன்எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் மென்பொருள். 2024 ஜூலையில் வெளியான ரெக்ரெஷன் ஓட்டை, சிவிஇ-2024-6387, 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிக்கும். 9.2 அதற்குள் வருகிறது, எனவே சிவப்பு. ஆனால் கடைசியில் இருக்கும் யு3-ஐப் பாருங்கள். டெபியன் அந்த ஓட்டையை அடைத்ததே யு3-இல்தான். யு2 என்று இருந்திருந்தால் அவர் போட்ட சிவப்பு சரி. விடை அதே வரியில் இருந்தது. காப்பி பண்ணும்போது 9.2-ஓடு நிறுத்திவிட்டார்.

டெபியனும் உபுண்டுவும் எஸ்எஸ்எச் பேனரில் இந்த வாலைக் காட்டுவது நம் அதிர்ஷ்டம். அட்மின் அதை மறைத்தும் வைக்கலாம். ரெட் ஹாட் 9-இல் வெறும் 'ஓபன்எஸ்எஸ்எச் 8.7' என்றுதான் தெரியும். வெளியில் நின்றுகொண்டு திருத்தம் ஏறியதா என்று சொல்ல முடியாது. அப்படியானால் 'பதிப்பை வைத்து ஊகித்தது, உறுதி செய்யவில்லை' என்று எழுதுங்கள். அட்மினிடம் பேக்கேஜ் பட்டியலைக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அதற்காக சேஞ்ச்லாகையும் கண்ணை மூடி நம்பிவிடக் கூடாது. குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் புதுப்பித்துவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருப்பார்கள். டிஸ்க்கில் புதிய லைப்ரரி, ஓடும் ப்ராசஸின் மெமரியில் பழையது. பேக்கேஜ் பட்டியல் பச்சையாக இருக்கும், ஓட்டையும் இருக்கும்.

கேள்விக்குறியைத் தின்றுவிடுவது

என்மேப் 'எச்டிடிபி-ப்ராக்ஸி?' என்று சொன்னால் அது கண்டுபிடித்தது அல்ல. கேட்டுப் பார்த்தது, புரியவில்லை, 8080 என்ற போர்ட் எண்ணுக்கு (போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கான வாசல்) அதன் பட்டியலில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்கிறது. எக்ஸெலுக்கு மாற்றும்போது இந்தக் கேள்விக்குறி காணாமல் போய்விடுகிறது. அப்புறம் அது உண்மையாகிவிடுகிறது.

டிசிபிராப்டு

சில போர்ட்டுகளுக்கு என்மேப் இந்தப் பெயரைச் சொல்லும். அப்படி ஒரு மென்பொருள் இல்லை. இணைப்பு முழுதாக ஏற்பட்டது, எதிர்முனை ஒரு பைட் கூட அனுப்பாமல் மூடிவிட்டது, அவ்வளவுதான்.

அவசரம்

என்மேப் பதிப்பு கண்டறியும் தீவிரம் 0 முதல் 9 வரை, இயல்பாக 7. 'லைட்' ஆப்ஷன் அதை 2-க்கு இறக்கும். ஆயிரக்கணக்கான மெஷின்களை ஒரு பார்வை பார்க்க அது சரி. அதை வைத்து 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எழுதினால் தவறு. சில மெயில் சர்வர்கள் ஸ்பேம் அனுப்புகிறவர்களைச் சலிப்பதற்காக வேண்டுமென்றே தாமதமாக வணக்கம் சொல்லும். இதனால்தான் என்மேப் முதல் பேனருக்காகக் காத்திருக்கும் நேரத்தை 5 விநாடியிலிருந்து 6 ஆக்கினார்கள். அதைவிடத் தாமதமாகப் பேசும் சர்வரும் உண்டு. மெயிலுக்கான 25-ஆம் போர்ட் பேசாவிட்டால் கையால் இணைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள்.

முன்னால் நிற்பவரைப் பின்னால் இருப்பவர் என்று நினைப்பது

ஸ்கேனில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் பெயர் வந்தால் வாசலில் என்ஜின்எக்ஸ் நிற்கிறது. உள்ளே உண்மையில் வேலை செய்வது டாம்கேட் என்ற வேறொரு சர்வராக இருக்கலாம்.

9100

பிரிண்டர். இந்த போர்ட்டுக்கு எதை அனுப்பினாலும் பல பிரிண்டர்கள் அச்சடித்துவிடும். அதனால் பதிப்பு பார்க்கும்போது என்மேப் 9100 முதல் 9107 வரை தானாகவே தவிர்க்கிறது. ஒரு முறை எதையும் விடக் கூடாது என்று, இந்தத் தவிர்ப்பை நீக்கும் 'ஆல்போர்ட்ஸ்' ஆப்ஷனைச் சேர்த்தேன். மூன்றாவது மாடியில் அக்கவுண்ட்ஸ் பிரிவு பிரிண்டர் தாள் தீரும்வரை, என்மேப் அனுப்பிய 'கெட் / எச்டிடிபி/1.0' என்ற கேள்வியை அடித்துத் தள்ளியது. மாதக் கடைசி வேறு. அந்தக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அம்மா மாடி இறங்கி வந்து, "இது யாரோட பில்லு தம்பி?" என்று கேட்டார்.