308-ஆ, 6.5 கிரீட்மூரா?
300 மீட்டருக்குள்தான் சுடப் போகிறீர்கள் என்றால், 308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் இரண்டில் எந்தத் தோட்டா மலிவாகவும் தட்டுப்பாடில்லாமலும் கிடைக்கிறதோ, அதற்கான ரைஃபிளை வாங்குங்கள். 6.5-இன் குண்டு ஒல்லியாக, நீளமாக இருப்பதால் காற்றை எளிதில் கிழித்துப் போகும். பக்கக்காற்றில் குறைவாகவே விலகும். ஆனால் அந்த லாபம் தூரம் கூடக் கூடத்தான் தெரியும். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களில் போடுங்கள், குறி நிச்சயம் முன்னேறும். 308-இல் குழலும் பொதுவாக அதிக நாள் உழைக்கும்.

600 மீட்டருக்கு மேல் இலக்குப் போட்டி என்றாலோ, 308-இன் பின்னுதைப்பு (சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பது) தோளுக்கு ஒத்துவரவில்லை என்றாலோ இந்தக் கணக்கு சரிவராது; அப்போது 6.5-தான். வேட்டைக்கு என்றால் அந்த விலங்குக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தோட்டா அளவை முதலில் பாருங்கள். அப்புறம், ஒன்றின் தோட்டாவை மற்றதில் ஒருபோதும் போடக் கூடாது. குழலில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டே தோட்டாவைப் போடுங்கள்.