நியூரோஸ்பியருக்கு வளர்ச்சிக் காரணி: எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது

எங்கள் தஞ்சாவூர் ஆய்வகத்துக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் எம்.எஸ்சி. பிராஜெக்டுக்கு நியூரோஸ்பியர் (மூளைச் செல்களின் மிதக்கும் உருண்டை) வளர்க்கப் பிள்ளைகள் வருவார்கள். மன்னார்குடி, பாபநாசம், மயிலாடுதுறை என்று தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள்தான் அதிகம். வந்ததும் கேட்பது, "அக்கா, இஜிஎஃப் எவ்வளவு போடணும்?" இஜிஎஃப் என்பது செல்களைப் பெருகச் செய்யும் வளர்ச்சிக் காரணி, ஒரு புரதம். மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். எஃப்ஜிஎஃப்-2 என்ற இன்னொரு காரணியும் அதே அளவு. அளவைச் சொல்ல அரை நிமிஷம் போதும். எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பதினான்கு நாள் எலிக் கருவின் மூளைப் புறணியிலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கிறோம். (விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வராமல் அந்தப் பக்கமே போகக் கூடாது.) அவற்றில் சில முன்னோடி செல்கள்: நியூரானாகவும் (நரம்புச் செல்) ஆகலாம், கிளையாவாகவும் (நியூரானுக்குத் துணை நிற்கும் செல்) ஆகலாம், இன்னும் எதுவும் ஆகவில்லை. இஜிஎஃப் போய் அதன் ஏற்பியில் உட்கார்ந்ததும் உள்ளே ராஸ், மேப் கைனேஸ் என்ற புரதங்கள் வழியே தகவல் வரிசையாகப் போய், செல் பிளவுபடுகிறது. எதுவாகவும் மாறாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறது. 1992இல் ரெனால்ட்ஸும் வைஸும், வளர்ந்த எலியின் மூளையிலிருந்து எடுத்த செல்களே இஜிஎஃப் கொடுத்தால் மிதக்கும் உருண்டைகளாக வளர்வதைக் காட்டினார்கள். அந்த உருண்டைதான் நியூரோஸ்பியர். வேடிக்கை என்னவென்றால், இஜிஎஃப் பிடிபட்டதற்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்ட எலிக்குஞ்சுகள் நாளுக்கு முன்பே கண் திறந்ததைப் பார்த்து ஸ்டான்லி கோஹன் தேடிப் போய்ப் பிரித்த புரதம் அது. 1986இல் ரீட்டா லெவி-மோண்டால்சினியோடு நோபல் பரிசு வாங்கினார்.

சரி, குப்பிக்கு வருவோம். சின்னக் குப்பியாக, 25 மைக்ரோகிராமாக வாங்குங்கள். பெரிய குப்பி விலை சகாயம்தான், ஆனால் தூளாக இருக்கும்வரைதான் அது நெடுநாள் தாங்கும். கரைத்துவிட்டால் ஆயுள் குறைவு. மூடியைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். தூள் கண்ணுக்கே தெரியாது; பாதி மூடியில் ஒட்டியிருக்கும். கூட வரும் தாளில் சொன்ன கரைசலில், 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்து, 250 மைக்ரோலிட்டரில் கரையுங்கள். இந்தப் பிஎஸ்ஏவை விட்டுவிட்டால் காரணி பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இப்போது 10 மைக்ரோலிட்டரில் ஒரு மைக்ரோகிராம் இருக்கிறது. 50 மில்லி மீடியத்துக்கு அது சரியாக 20 நானோகிராம் கணக்கு. ஆகவே பத்துப் பத்தாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒரு குழாயை எடுத்தால் அன்றே முடியுங்கள், திரும்ப உறைய வைக்க வேண்டாம். மீடியத்தை வடிகட்டின பிறகே காரணியைச் சேருங்கள், இல்லாவிட்டால் வடிகட்டியில் கொஞ்சம் தங்கிவிடும்.

மீடியம் டிஎம்இஎம்/எஃப்12 என்ற ஊட்டக் கரைசல், அதில் பி27 என்ற துணைக் கலவை. சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) ஒரு சொட்டும் கூடாது. சீரம் பட்டால் செல்கள் தரையில் ஒட்டி அஸ்ட்ரோசைட்டாக (கிளையாவில் ஒரு வகை) மாறிவிடும். எஃப்ஜிஎஃப்-2 37 டிகிரியில் ஒரு நாளிலேயே பெருமளவு வலுவிழக்கும். மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஹெப்பாரின் போட்டால் கொஞ்சம் நிற்கும். அப்படியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் புதிதாகக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் போகி முதல் காணும் பொங்கல் வரை யார் எந்த நாள் என்று இன்குபேட்டர் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். கரண்ட் போனால் கதவைத் திறந்து பார்க்காதீர்கள், மூடியிருந்தால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். 2018இல் கஜா புயலுக்கு அப்புறம் டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நவம்பர், டிசம்பரில் காரணியை இரண்டு ஃப்ரீசரில் பிரித்து வையுங்கள்.

மில்லிலிட்டருக்கு 50,000 செல் போட்டால் ஐந்தாறு நாளில் உருண்டைகள் தெரியும். நல்ல உருண்டை மைக்ரோஸ்கோப்பில் ஒளி ஊடுருவி, ஓரத்தில் மெல்லிய மயிர் போன்ற நீட்சிகளோடு இருக்கும். 150 மைக்ரானைத் தாண்டிவிட்டால் நடுவில் கறுக்கும். உள்ளே இருப்பவற்றுக்குக் காரணியும் ஆக்சிஜனும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதற்குள் அக்யூடேஸ் என்ற நொதிக் கலவை போட்டுத் தனிச் செல்களாகப் பிரித்துவிட வேண்டும். ஃபிளாஸ்கை அடிக்கடி ஆட்டாதீர்கள். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

கருவுக்குள் இப்படி ஒரே சீரான மீடியம் கிடையாது. எஃப்ஜிஎஃப்-2இன் குடும்பத்தைச் சேர்ந்த எஃப்ஜிஎஃப்-8 முன்மூளையின் முன்முனையில் சுரந்து பின்னால் போகப் போகக் குறைகிறது. தலைமடைக்குக் கிடைக்கும் தண்ணீர் கடைமடைக்குக் கிடைக்காத மாதிரி. அளவைப் பொறுத்துத்தான் புறணியின் எந்தப் பகுதி என்னவாகும் என்பது. 2001இல் எலிக் கருவின் பின்பக்கம் இன்னொரு எஃப்ஜிஎஃப்-8 ஊற்றை வைத்துப் பார்த்தபோது, மீசை மயிருக்கான புலப் பகுதி இன்னொன்று கூடுதலாக உருவானது.

இனி நிறுத்துவது. காரணியை எடுத்தால் செல்கள் தள்ளிப்போடுவதை விட்டு மாறத் தொடங்கும்; அதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. ஒரே பாசேஜிலிருந்து (பிரித்து மறுபடி வளர்க்கும் ஒரு சுற்று) மூன்று தட்டு, செல் ஒட்டுவதற்குப் பாலிஆர்னிதினும் லாமினினும் பூசினது. முதல் தட்டில் இஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 இரண்டும் இருக்கட்டும். இரண்டாவதில் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மூன்றாவதில் இரண்டையும் எடுத்துவிட்டு சிஎன்டிஎஃப் என்ற வேறொரு காரணியைச் சேருங்கள். ஆறேழு நாள் கழித்துச் சாயம் ஏற்றினால் முதல் தட்டில் நெஸ்டின் (முன்னோடி செல்லின் அடையாளம்) பளிச்சென்று இருக்கும். இரண்டாவதில் அஸ்ட்ரோசைட்தான் நிறைய, நடுவே டியூஜே1 சாயம் ஏறிய நியூரான்கள், அரிதாக ஓ4 ஏறிய ஒலிகோடென்ட்ரோசைட் (இன்னொரு வகைக் கிளையா). மூன்றாவதில் ஜிஎஃப்ஏபி (அஸ்ட்ரோசைட்டின் அடையாளம்) மேலோங்கும். நியூரான் கூடுதலாக வேண்டுமானால் பிடிஜிஎஃப் என்ற காரணி, ஒலிகோடென்ட்ரோசைட் வேண்டுமானால் டி3 தைராய்டு ஹார்மோன், 1996லேயே காட்டிவிட்டார்கள்.

மூன்றாவது தட்டு பலிக்காவிட்டால் காரணியைச் சந்தேகிக்கும் முன் கருவின் வயதைப் பாருங்கள். பதினோரு நாள் கருவின் செல்லில் ஜிஎஃப்ஏபி மரபணுவின் முன்பகுதியில், சிஎன்டிஎஃப் அனுப்பும் ஸ்டாட்3 என்ற புரதம் வந்து உட்கார வேண்டிய இடம், மெத்தில் என்ற சிறு வேதிக் குழு ஒட்டி மூடியிருக்கும். எவ்வளவு ஊற்றினாலும் அஸ்ட்ரோசைட் வராது. பதினான்கு நாளில் அது திறந்துவிடுகிறது.

எண்ணும்போது தட்டின் பெயரை மறைத்து, பக்கத்து மேசைக்காரரை எண்ணச் சொல்லுங்கள். மூன்றாவது பாசேஜ் தாண்டுவதற்குள் பத்து சதவீத டிஎம்எஸ்ஓவில் (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) நாலைந்து குழாய் உறைய வைத்துவிடுங்கள். குழாய் மேல் பாசேஜ் எண், தேதி, எந்த நாள் கரு மூன்றும் இருக்கட்டும், பென்சிலில்; ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் அழிந்துவிடும்.