ஹைப்பர்வைசரில் இபிடி வயலேஷன்: 48-ஆம் எண்ணில் நிற்கும் கெஸ்ட்டை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

இன்டெல் செயலிகளின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸில் சொந்தமாக ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) எழுதத் தொடங்கினால் முதலில் மோதும் சுவர் இபிடி வயலேஷன்தான். கெஸ்ட் (உள்ளே ஓடும் இயங்குதளம்) பார்க்கும் பிஸிக்கல் முகவரியை ஹோஸ்ட்டின் உண்மையான முகவரியாக மாற்ற நீங்கள் எழுதும் டேபிள்தான் இபிடி. கெஸ்ட் தன் பேஜ் டேபிளில் செய்யும் தவறை அதன் கெர்னலே பார்த்துக்கொள்ளும். உங்கள் இபிடியில் குறை இருந்தால்தான் கெஸ்ட் நின்று கட்டுப்பாடு உங்களிடம் வரும். இதைத்தான் எக்ஸிட் என்கிறோம்.

முதலில், எக்ஸிட் ஏன் வந்தது என்று சொல்லும் எக்ஸிட் ரீசனின் கடைசி 16 பிட்டைப் பாருங்கள். 48 என்றால் வயலேஷன்: மேப் இல்லை, அல்லது அனுமதி இல்லை. 49 என்றால் மிஸ்கான்ஃபிகரேஷன்: என்ட்ரியையே தப்பாக எழுதிவிட்டீர்கள். படிக்கும் அனுமதி தராமல் எழுதும் அனுமதி மட்டும் தருவது, புது டேபிளைப் பூஜ்யமாக்காமல் விடுவது இரண்டும் 49-இல் கொண்டுபோய் விடும்.

48 வந்தால், அதன் விவரம் சொல்லும் எக்ஸிட் குவாலிஃபிகேஷனைப் படியுங்கள். பிட் 0 படித்தல், 1 எழுதுதல், 2 இயக்குதல். 3, 4, 5 என்பவை என்ட்ரியில் ஏற்கெனவே இருந்த அனுமதிகள். மதிப்பு 386 என்று வந்தால் அது 256+128+2. இதில் 2 எழுதுதலைக் குறிக்கிறது; 3, 4, 5 மூன்று பிட்டும் 0. அதாவது எழுதப் போனது, அங்கே மேப்பே இல்லை. 426 (386+32+8) வந்தால் மேப் உண்டு, எழுத மட்டும் அனுமதி இல்லை.

அடுத்து, கெஸ்ட் பிஸிக்கல் முகவரியை எடுத்து, கடைசி 12 பிட்டை விட்டுவிட்டு, ஒன்பது ஒன்பது பிட்டாக வெட்டுங்கள். சரியாக 5 எம்பியில் உள்ள முகவரிக்கு நான்கு மட்டங்களிலும் வரிசை எண்கள் 0, 0, 2, 256. வழியில் டேபிள் இல்லையென்றால் 4 கேபி பக்கம் ஒன்றை ஒதுக்கி, பூஜ்யமாக்கி, அனுமதி 7 (படிக்க, எழுத, இயக்க மூன்றும்) கொடுத்து இணையுங்கள். கடைசி என்ட்ரியில் ஹோஸ்ட் பிஸிக்கல் முகவரியோடு 55-ஐச் சேருங்கள்: அனுமதி 7, ரைட்-பேக் (கேஷைப் பயன்படுத்தும்) வகைக்கு 48. அந்த 48 விடுபட்டால் கேஷ் இல்லாமல் கெஸ்ட் ஆமை வேகத்தில் நகரும். ஹோஸ்ட் விர்ச்சுவல் முகவரியை இங்கே எழுதிவிடாதீர்கள். பலரின் ஒரு முழு நாளை விழுங்குவது இந்தப் பிழைதான்.

மேப் செய்தபின் ஆர்ஐபியை (கெஸ்ட் ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) நகர்த்தக் கூடாது. அதே கட்டளை மறுபடி ஓட வேண்டும். நகர்த்தினால் கெஸ்ட் எழுத வந்தது சத்தமில்லாமல் தொலைந்துபோகும். சாதன முகவரியாக இருந்து நீங்களே எமுலேட் செய்தால் மட்டும் நகர்த்துங்கள். அப்போதும் விஎம்சிஎஸ் (கெஸ்ட்டின் நிலையும் எக்ஸிட் தகவலும் இருக்கும் அமைப்பு) தரும் கட்டளை நீளத்தை நம்பாதீர்கள். இந்த எக்ஸிட்டில் அதற்கு உத்தரவாதம் கிடையாது, நீங்களேதான் டீகோட் செய்ய வேண்டும்.

அனுமதியைக் கூட்டினால் இன்வெப்ட் (செயலி நினைவில் வைத்திருக்கும் பழைய இபிடி மேப்பை அழிக்கும் கட்டளை) தேவையில்லை. குறைத்தால் கட்டாயம் தேவை, அந்த இபிடியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கோரிலும்.

எல்லாம் சரியாக இருந்தும் கெஸ்ட் எப்போதாவது உறைந்து நிற்கிறதா? விஎம்சிஎஸில் உள்ள ஐடிடி வெக்டரிங் தகவலின் பிட் 31-ஐப் பாருங்கள். அது 1 என்றால் இன்டரப்ட் ஒன்றைக் கெஸ்ட்டிடம் சேர்க்கும் நடுவில் இந்த எக்ஸிட் வந்திருக்கிறது. விஎம் ரெஸ்யூமுக்கு (கெஸ்ட்டை மீண்டும் ஓட விடும் கட்டளை) முன் அந்த இன்டரப்ட்டை நீங்கள்தான் மறுபடி செலுத்த வேண்டும்.