ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குவது எப்படி

பள்ளி விட்டதும் புத்தகப் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடுகிற பிள்ளை எல்லா வீட்டிலும் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒன்றாவது இருக்கிறது. பிறந்த நாளுக்கோ, பொங்கலுக்கோ, பத்தாம் வகுப்பில் தேறிய மகிழ்ச்சிக்கோ அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைக்கும் மாமாவோ அத்தையோ இணையக் கடையில் ‘அவுட்டோர்’ என்று தட்டித் தேடினால், கணுக்காலை மூடும் மலையேற்றக் காலணி, மடக்குக் கைத்தடி, குளிர் தாங்கும் உறக்கப்பை, கனத்த மேலங்கி என்று வரிசையாக வந்து நிற்கும். அவையெல்லாம் மலைக்கும் குளிருக்கும் செய்யப்பட்டவை. கல்லணைக்குக் கிழக்கே, எங்கள் காவிரிப் படுகையில், மேடு என்று சொல்லத்தக்கது ஆற்றின் கரை ஒன்றுதான். மற்றதெல்லாம் சமதளமும் களிமண்ணும் தண்ணீரும் வியர்வையும். ஆகவே, பொருள் எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பதற்கு முன்பு, பிள்ளை எங்கே போகிறது, அங்கே எந்த மாதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவதே முறை.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு படித்த அக்காள் மகனுக்கு ஓர் ஐப்பசி மாதத்தில் விலை உயர்ந்த மலையேற்றக் காலணி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதை மாட்டிக்கொண்டு குடமுருட்டி ஆற்றின் கரையோரம் கிளம்பிப் போனவன், மதியம் திரும்பி வந்தபோது காலணிகள் இரண்டும் கையில் இருந்தன. காலில் முழங்கால் வரை சேறு. அடிப்பகுதியின் ஆழமான பள்ளங்களில் களிமண் ஏறி அப்பிக்கொண்டு, ஒவ்வொன்றும் செங்கல்லைப் போலக் கனத்தது. “மாமா, இதைப் போட்டுக்கிட்டு வரப்புல நிக்கவே முடியல, வழுக்கிவிடுது. பழைய செருப்பே தேவலாம்” என்றான். காலணி காய்வதற்கு மூன்று நாள் ஆயிற்று. மறு வருடம் அவனுடைய கால் ஓர் அளவு வளர்ந்துவிட்டதால் அது பரணுக்குப் போயிற்று. குதிகாலில் வார் வைத்த, கழுவினால் உடனே காயும் ரப்பர் செருப்பு இந்த மண்ணுக்குப் போதும் என்பதை அந்தச் செலவில்தான் தெரிந்துகொண்டேன்.

வாங்குவதற்கு முன்பு ஒரு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். நேரே கேட்டால் இந்த வயதில் “ஒன்றும் வேண்டாம்” என்றோ, கைபேசி வேண்டும் என்றோதான் பதில் வரும். அதைவிட நல்ல துப்பு, அந்தப் பிள்ளை அடுத்தவரிடம் எதை இரவல் கேட்கிறது என்பது. பக்கத்து வீட்டுக்காரரின் தூண்டிலை அடிக்கடி வாங்கிப் போகிறதா, அப்பாவின் டார்ச் லைட்டைச் சொல்லாமல் எடுத்துப் போகிறதா, அண்ணனின் சைக்கிளுக்குச் சண்டை போடுகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். சட்டைப் பையிலிருந்து துவைக்கும்போது எடுக்கப்படுகிற இறகு, சிப்பி, புளியங்கொட்டை ஆகியவற்றைப் பற்றி அம்மாவிடம் விசாரித்தால் மீதியும் விளங்கிவிடும்.

அடுத்தது மாதம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டி ஆறுகளில் தண்ணீர் வரத் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு வரும்போது படித்துறை நிரம்பியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வெளியே போவது குறைந்து, போனாலும் சேறுதான். மார்கழி முதல் மாசி வரை வலசைப் பறவைகளின் காலம். பங்குனிக்குப் பிறகு ஆறு மணலாகக் கிடக்கும். சித்திரையில் நீச்சல் பொருள்களையும், ஐப்பசியில் சைக்கிளையும் கொடுத்தால் பிள்ளை அவற்றைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேரும். கையில் வாங்கிய வாரத்திலேயே பயன்படக்கூடிய பொருள்தான் பிள்ளையின் கையில் தங்குகிறது.

பறவை பார்க்கும் பிள்ளைக்கு இருகண்நோக்கியை விடச் சிறந்த பரிசு கிடையாது என்பது என் எண்ணம். பேச்சில் எல்லோரும் பைனாகுலர் என்கிறோம், அப்படியே சொல்கிறேன். வடுவூர் ஏரி தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலேயே இருக்கிறது. கோடியக்கரை 1967-லேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் 2022-ல் அப்பட்டியலில் சேர்ந்தன. இவ்வளவும் ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கும்போது, ஏரியின் நடுவில் நிற்கும் நத்தை குத்தி நாரையை வெறும் கண்ணால் வெள்ளைப் புள்ளியாகப் பார்த்துவிட்டு வருவது பெரிய இழப்பு. பைனாகுலர் வழியே பார்த்தால், மூடிய அலகின் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். அதைத் தானாகவே கண்டுபிடித்த பிள்ளை அப்புறம் எளிதில் வீடு திரும்பாது.

பைனாகுலரின் மேல் 8×42 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. மடங்கு கூடக் கூட நல்லது என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே அளவு கூடித் தெரியும், பார்வைக்குள் அடங்கும் பரப்போ சுருங்கிவிடும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு 8×42 சரியான அளவு. கழுத்தில் கனம் தாங்காத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 8×32 போதும். திருவிழாக் கடைகளிலும் இணையத்திலும் நூறு மடங்கு என்று எழுதி மலிவாக விற்கப்படுபவற்றின் பக்கமே போக வேண்டாம். ஓரளவு நல்லதற்கு ரூ. 5,000 முதல் ரூ. 10,000 வரை ஆகும் என்பதால், இது ஒருவர் தனியாகக் கொடுக்கும் பரிசாக இல்லாமல் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் சேர்ந்து வாங்கும் பரிசாக இருக்கலாம். கடையில் வாங்கினால் வாசலுக்கு எடுத்து வந்து எதிர்க்கடையின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். நடுவில் உள்ள எழுத்து கூர்மையாகவும் ஓரத்து எழுத்து மங்கலாகவும் இருப்பது இயல்பு, ஆனால் ஒரு கண்ணில் ஒரு பலகையும் மறு கண்ணில் இன்னொன்றும் தெரிவது போல உறுத்தினால் உள்ளே கண்ணாடிகள் விலகியிருக்கின்றன என்று பொருள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை மூக்குக்கண்ணாடி அணிவதாக இருந்தால், கண் வைக்கும் வளையத்தைத் திருகியோ மடித்தோ உள்ளே தள்ள முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கொடுக்கும்போது கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வதையும் சொல்லிக் கொடுங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் ஏதேனும் ஒன்றைப் பார்த்தபடி நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்க வேண்டும். இதைச் செய்யாமல் பார்த்துவிட்டுத் தலை வலிக்கிறது என்று ஒதுக்கி வைத்தவர்கள் பலர். இன்னொன்று, நம் ஊர் ஈரக்காற்று. மழை மாதங்களில் பைனாகுலரை உறையோடு பீரோவுக்குள் வைத்துவிட்டால் தையில் எடுக்கும்போது கண்ணாடியின் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவும் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கவலை இல்லை.

இவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் கைலென்ஸ் வாங்கலாம். பத்து மடங்கு காட்டும் மடக்கு லென்ஸ் சில நூறு ரூபாய்தான். அண்ணன் மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தபோது, நெல் பூத்திருந்த ஒரு காலை நேரத்தில் வயலுக்குப் போய்க் கதிரைப் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, “சித்தப்பா, ஒரு பூவுக்கு ஆறு மகரந்தப் பை இருக்கு, எண்ணிட்டேன்” என்றாள். ஐம்பது வருடமாக வயலைப் பார்த்துவந்த எங்கள் வீட்டில் அதை எண்ணிப் பார்த்தவர் அவள்தான். லென்ஸைப் பூவுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது, கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு பூவைத்தான் நெருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் ஒன்றும் பென்சிலும் கொடுங்கள். ஈரத்தாளில் பேனா எழுதாது, எழுதினாலும் கரையும், பென்சிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இருட்டுவதற்குள் வந்துவிடு என்று சொன்னால் வந்துவிடுகிற வயது அல்ல இது. எலி இருக்கும் வயலில் பாம்பும் இருக்கும். இருட்டில் வரப்பில் நடக்கிறவர்களுக்குக் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் எப்போது வேண்டுமானாலும் குறுக்கிடலாம். ஆகவே தலையில் மாட்டும் டார்ச் அழகுப் பொருள் அல்ல. கைகள் இரண்டும் ஓய்வாக இருப்பதால் சைக்கிள் தள்ளவும் செடியை விலக்கவும் வசதி. 200 முதல் 300 லூமென் வெளிச்சம் போதும். தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ் 4 தரமாவது இருக்கட்டும். யு.எஸ்.பி வழியே மட்டும் மின்னேற்றும் வகையைவிடச் சாதாரண பேட்டரியும் போட முடிகிற வகையே மேல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது பெட்டிக்கடையில் கிடைத்த பேட்டரிதான் கை கொடுத்தது.

சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு சைக்கிள் வாங்குவதைவிட, அந்த சைக்கிளுக்கு வேண்டியவற்றை வாங்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம்: தரையில் வைத்து அழுத்தும் காற்றுப் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், பின்னால் மினுக்கும் எல்.இ.டி விளக்கு, நல்ல பூட்டு. கருவேல முள் நிறைந்த கரைகளில் ஓட்டுகிறவனுக்கு டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் அடைப்புத் திரவம் பெரிய வரம். புது சைக்கிளே வாங்குவதானால், சமதளத்தில் இருபத்தொரு கியர் தேவையில்லை. எதிர்காற்றுக்காக ஆறேழு கியர் இருந்தால் போதும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையேல் மழை பெய்த மறுநாள் கரைமேல் ஓட்டும்போது களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது; குச்சியால் குடைந்துகொண்டே வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

தண்ணீர்ப் பிள்ளைகளுக்கு முதல் பரிசு நீச்சல். ஆற்றில் வருடத்தில் பல மாதம் தண்ணீர் இல்லாததால் ஆற்றங்கரையிலேயே வளர்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இப்போது ஏராளம். நீச்சல் பயிற்சிக்கு ஒரு மாதக் கட்டணம் செலுத்திவிடுவது, அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுக்கிற எந்தப் பொருளையும் விட மதிப்புள்ளது. மணல் அள்ளிய குழிகள் புதுத்தண்ணீரில் மறைந்துவிடுவதால், நீந்தத் தெரிந்தவனும் பழகாத துறையில் இறங்கக் கூடாது. பரிசல், தோணி என்று போகிறவனுக்கு உடல் எடைக்கு ஏற்ற உயிர்காப்புச் சட்டை வாங்கலாம். அணிவித்து, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், அது தாடைக்கு ஏறிவிட்டால் அளவு பெரிது. வளர்ந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று பெரிதாக வாங்கும் வழக்கம் இதில் மட்டும் கூடாது.

தூண்டில் பிரியனுக்கு ஆறு, ஏழு அடி நீளமுள்ள, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தூண்டில் கழி ஏற்றது, பேருந்திலும் கொண்டுபோகலாம். கெண்டைக்கும் கெளுத்திக்கும் சிறிய முள்களே போதும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் சுழல்வதைக் கண்டால், கீழே காவல் இருக்கிற விராலுக்குத் தூண்டில் போடாதே என்று சொல்லிக் கொடுங்கள். தாயும் தகப்பனும் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

பை, தொப்பி, தண்ணீர்க் குப்பி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது லிட்டர் கொள்ளும் பை, மண் நிறமோ பச்சையோ. ஒரு லிட்டர் எவர்சில்வர் குப்பி. மழைக்கோட்டு நம் வெக்கையில் உள்ளே வியர்த்து நனைத்துவிடும் என்பதால், தலைவழியே போர்த்திக்கொள்ளும் தளர்ந்த வகையே தேவலாம்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏர் கன், உண்டிவில் இரண்டும் வேண்டாம். காட்டுப் பறவைகளைச் சுடுவதும் பிடிப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். பிள்ளைக்குப் பறவைகள் மீது ஆசை என்பதற்காகக் கூண்டில் பச்சைக்கிளி வாங்கித் தருவதும் அப்படியே. டிரோனைச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. நாரைக் கூட்டத்தை மிரட்டி எழுப்பும் விளையாட்டுக்குப் பறவை பார்த்தல் என்று பெயரும் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு வாங்கும்போது ஒரு தடை இருக்கிறது. பொருளைக் கொடுத்துவிடுவோம், தனியே வெளியே போக விட மாட்டோம். பைனாகுலர் பெட்டியிலேயே இருக்கும். அதனால் பரிசோடு துணையையும் சேர்த்துக் கொடுங்கள். ‘தை மாதத்து இரண்டாம் ஞாயிறு கோடியக்கரை, உன் தோழி ஒருத்தியும் வரலாம்’ என்று ஓர் அட்டையில் எழுதி உள்ளே வைத்தால், அதைச் செய்துதான் ஆக வேண்டும். வேதாரண்யத்திலிருந்து பேருந்து இருக்கிறது. விடிவதற்கு முன் கிளம்பினால் பூநாரைகளையும் வெளிமான்களையும் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போவதாக இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டிக் கொடுப்பதற்கு முந்தைய இரவு பெட்டியைப் பிரித்து, டார்ச்சுக்குப் பேட்டரி போட்டு, வாரின் நீளத்தைச் சரிசெய்து, பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிவிடுங்கள். காலையில் கையில் வாங்கியதும் பிள்ளை வெளியே ஓடத்தான் போகிறது. செருப்போ உயிர்காப்புச் சட்டையோ வாங்கியிருந்தால், மாற்றிக்கொள்ளும் கெடு எழுதிய கடைச் சீட்டை அம்மாவின் கையில் கொடுத்துவையுங்கள்.